“எடுத்தேன்” என்றேன், “திருடினேன்” என்று இருந்தது

சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தேன். மிச்சமான செம்புக் கேபிள் துண்டுகளை ஒரு பையில் போட்டு வெளியே கொண்டுபோனேன். “எடுத்துக்கப்பா, குப்பைக்குத்தானே போகுது” என்று சூப்பர்வைசர் அண்ணன் சொல்லியிருந்தார். கேட்டில் பையைத் திறந்து பார்த்தார்கள். கம்பெனி புகார் கொடுத்தது. அன்று சாயங்காலமே ஸ்டேஷனில் இருந்தேன்.

என்னை யாரும் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. விசாரணை அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்பார். நான் சொல்வது ஆங்கிலமாகிக் கம்ப்யூட்டரில் ஏறும். இடையில் தமிழ் பேசும் இன்னொரு அதிகாரி தண்ணீர் கொண்டுவந்தார். “ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும் தம்பி, ஊருக்குப் போயிடலாம்” என்றார். கூடப்பிறந்தவர் சொல்வதுபோலத்தான் சொன்னார். மிரட்டியோ ஆசை காட்டியோ வாக்குக் கொடுத்தோ வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அப்போது அது எனக்குத் தெரியாது. ஊரில் கடன், அம்மாவுக்கு மருந்துச் செலவு. “சரி சார்” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அப்புறம் பிரிண்ட் எடுத்துவந்து, மொழிபெயர்ப்பாளர் வரி வரியாகத் தமிழில் வாசித்தார். மூன்றாவது பக்கத்தில், “கேபிளைத் திருடிக்கொண்டு போனேன்” என்றார்.

“நான் எடுத்தேன்னு சொன்னேன் சார், திருடினேன்னு சொல்லலை.”

அறையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்பதுபோல அதிகாரி பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அவர் சொன்னது எடுத்தேன்தான்” என்றார். அந்த மனிதரை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அந்தச் சொல்லை அடித்து மேலே திருத்தி எழுதினார்கள்; ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். பேனா பிடித்த விரல் வியர்வையில் வழுக்கியது.

குற்றச்சாட்டைப் படித்துக் காட்டும்போது இன்னொரு எச்சரிக்கையும் வரும். உங்கள் தரப்பில் சொல்ல இருப்பதை இப்போது சொல்லாமல் கோர்ட் விசாரணையில்தான் சொன்னால், நீதிபதி உங்களை நம்புவது குறையலாம் என்பார்கள். பேசினால் மாட்டிக்கொள்வோமோ, பேசாவிட்டால் நம்ப மாட்டார்களோ என்று திணறிப்போனேன். வக்கீலும் பக்கத்தில் இல்லை. அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தந்தாலும், கைதான நிமிடமே வக்கீல் வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை, நியாயமான நேரத்துக்குள் கிடைத்தால் போதும் என்பதே நீதிமன்றங்களின் நிலை. சூப்பர்வைசர் சொன்னதை மட்டும் சொன்னேன்.

முதலாளியின் பொருளை வேலைக்காரர் திருடினால் 7 வருடம் வரை சிறை. பாஸ்போர்ட் போலீஸிடம். வேலை பெர்மிட் போய், வழக்குக்காக நாட்டில் தங்கியிருக்க மட்டும் தரும் ஸ்பெஷல் பாஸ் கைக்கு வந்தது. வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. கூட இருந்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள்: “ஒத்துக்கடா, சில வாரத்துல முடியும். கேஸ் நடத்தினா மாசக்கணக்காகும்.” செய்யாததை ஒத்துக்கொள்வதுதான் சீக்கிரம் வெளியே வர வழி என்றால், பசித்த மனுஷன் என்ன செய்வான்? இந்த இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சட்ட உதவித் திட்டம் மூலம் ஒரு வக்கீல் அம்மா கிடைத்தார். அந்த ‘எடுத்தேன்’ திருத்தத்தைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டார். 2020இல் இந்தோனேசியப் பணிப்பெண் பார்த்தி லியானியை உயர் நீதிமன்றம் விடுவித்தபோதும் வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பு ஒரு பிரச்சினையாக எழுந்ததைச் சொன்னார். சூப்பர்வைசர் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியை இணைத்து அரசுத் தரப்புக்கு முறையீடு எழுதினார். பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். சூப்பர்வைசரை அவர்கள் மறுபடி விசாரித்தார்கள். வழக்கைக் கையிலெடுத்தவரே தன் பக்கத்தை இன்னொரு முறை புரட்டிப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹேவ்லாக் சதுக்க நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டார்கள். விடுதலைக்குச் சமமான விடுவிப்பு என்று வக்கீல் அம்மா விளக்கினார்.

பாஸ்போர்ட் வாங்க ஸ்டேஷனுக்குப் போனபோது தண்ணீர் கொடுத்த அதே அதிகாரி இருந்தார். “ஊருக்கா தம்பி?” என்று கேட்டார். “ஆமா சார், ஊருக்குத்தான்” என்றேன். ஒத்துக்கொண்டிருந்தாலும் அதே ஊர்தான். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.