இ3 மூடியாச்சு, இனி கேம் ஷோ எதுக்கு?
அமெரிக்காவுல வருஷா வருஷம் நடந்த பெரிய வீடியோ கேம் கண்காட்சி இ3 (E3). 2020 மார்ச்ல கொரோனாவால அது ரத்தானப்பவே இனி இதெல்லாம் தேவையான்னு கேட்க ஆரம்பிச்சுட்டாங்க, 2023 டிசம்பர்ல மொத்தமாவே இழுத்து மூடிட்டாங்க. கேம் கம்பெனி நிண்டெண்டோ 2011லயே புது கேம்களை நேரா ஆன்லைன்ல காட்டுற ‘டைரக்ட்’ வீடியோக்களை ஆரம்பிச்சிடுச்சு, ட்ரெய்லர் பாக்க மட்டும்னா வீட்டு சோஃபாவே போதும்.

ஆனா ட்ரெய்லர் மட்டுமா விஷயம்? ஜெர்மனில கொலோன்ல நடக்குற கேம்ஸ்காம் கேம் ஷோவுக்கு இன்னமும் 3 லட்சத்துக்கு மேல ஜனம் வருது. கேம் உருவாக்குற சின்ன டீம் ஒண்ணு அங்க தன் கேமை வெச்சுட்டு பின்னாடியே நின்னு பாக்கும், ஆடுறவங்க எங்க முழிக்கிறாங்க, எந்த பட்டனை தப்பா அமுக்குறாங்கன்னு, அது எந்த லைவ்ஸ்ட்ரீம் கமென்ட்லயும் கிடைக்காதுங்க.

நோய் பயமும் நியாயம்தான், 2009ல அமெரிக்காவோட சியாட்டில்ல நடந்த பாக்ஸ் (PAX) கேம் ஷோல பன்றிக்காய்ச்சலே பரவுச்சு. ஒரே கன்ட்ரோலரை எத்தனை கை தொடுது! ஒவ்வொருத்தரும் ஆடி முடிச்சதும் துடைச்சு வைங்க, காய்ச்சல்னா டிக்கெட் காசு போனாலும் போகட்டும், தயவுசெஞ்சு வராதீங்க.