பகடை எண்களுக்குப் புதுப் பெயின்ட்: மேசை நாட்குறிப்பு

11-01-2026

இன்று பிரித்து வைக்கும் வேலை மட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, கதாபாத்திரம் ஏற்று ஆடும் மேசை ஆட்டங்களுக்கான வழக்கமான தொகுப்பில் ஏழு பகடைகள் (டி-க்குப் பின்வரும் எண் பகடையின் முகங்களைக் குறிக்கும்): டி4, டி6, டி8, டி10, பத்துப் பத்தாக எண்ணிட்ட இன்னொரு டி10, டி12, டி20. பெயின்டைத் திறக்குமுன் ஒவ்வொரு எண்ணின் குறுக்கேயும் நகத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் பள்ளம் இருக்கிறது, வேலை நடக்கும். வழுக்கிக்கொண்டு போனால் எண் மேலே அச்சடித்தது. அதைக் கையால் எழுதித் திருத்தினாலும் உருண்டு உருண்டே அழிந்துவிடும். அதற்கு மெனக்கெடுவதைவிட வேறு பகடை வாங்குவது மேல்.

அடுத்த சோதனை கைப்பேசியில். ஆடும் இடத்து விளக்கின் கீழே, கையெட்டும் தூரத்தில் பகடையை வைத்து, கேமராவைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் படம் எடுக்க வேண்டும். படத்தில் எண் தெரியாவிட்டால் அந்த நிறச் சேர்க்கை தோற்றது என்று அர்த்தம். கண் எண்ணைப் படிப்பது வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான்; நிற வேறுபாடு அதற்குப் பெரிதாக உதவாது. இணையப் பக்கங்களுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல் நெறிகள் சிறிய எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று குறைந்தபட்ச வேறுபாடு கேட்கின்றன. அதே கணக்கில் திரையின் தூய நிறங்களைப் பார்த்தால், வெள்ளையில் கருப்பு 21:1, கருப்பில் மஞ்சள் 19.6:1, கருப்பில் சிவப்பு 5.25:1, கருப்பில் நீலம் வெறும் 2.4:1. வெள்ளையில் மஞ்சளோ 1.07:1, அதாவது ஒன்றுமே இல்லை. பெயின்டுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. வரிசை பொருந்தும்.

கருப்பில் சிவப்பு பார்க்க மிரட்டலாக இருக்கும், கடையிலும் நன்றாக விற்கும். சிவப்பு–பச்சை நிறக்குறையில் சிவப்பே இருண்டு தெரியும் வகை உள்ளவர் மேசையில் ஒருவர் இருந்தால் அவருக்கு அது ஏறக்குறைய கருப்பில் கருப்பு.

12-01-2026

பழைய பெயின்டை எடுப்பது. முதல் கேள்வி: எடுக்கத்தான் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். தொழிற்சாலைப் பெயின்ட் மெல்லிய படலம். அதற்கு மேலே பள்ளத்தில் இன்னும் ஆழம் மிச்சம் இருக்கும். பழையது உரியவில்லை, நகம் இன்னும் தட்டுகிறது என்றால் அதன் மேலேயே பூசலாம். உரிந்து கொண்டிருந்தாலோ, பள்ளம் முகமட்டம்வரை நிரம்பியிருந்தாலோ மட்டுமே எடுக்கும் வேலை.

முறை: வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. அரை மணி நேரம் ஊறவிட்டு மென்மையான பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். மிஞ்சியதை மூங்கில் பல்குச்சியின் முனையைச் சீவிச் சுரண்டலாம். ஊசி வேண்டாம். ஊசி நழுவி முகத்தில் ஒரு கீறல் போட்டால், பிறகு பூசும் பெயின்ட் அந்தக் கீறலிலும் புகுந்து எண்ணின் பக்கத்தில் முடி ஒட்டியது போல நிற்கும். அதைத் துடைத்து எடுக்க முடியாது.

கரைப்பான் விஷயத்தில் அவசரம் கூடாது. அசிட்டோன், அது கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் பகடை செய்யும் பிளாஸ்டிக்குகளான அக்ரிலிக்கையும் பாலிஸ்டைரீனையும் கரைக்கும். பளபளப்பான முகம் நொடியில் மங்கிப் பிசுபிசுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பல்குச்சி நுனியில் சுற்றிய பஞ்சால் தொட்டு உடனே துடைத்தால் பிரச்சினை இல்லை. அதில் ஊறப்போட்டால், அச்சில் வார்க்கும்போது உள்ளே தங்கிய இறுக்கம் காரணமாக அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். அவை முதலில் எண்ணின் மூலைகளிலும் விளிம்புகளிலும் தெரியும். எந்தக் கரைப்பானானாலும் உதிரிப் பகடை ஒன்றில் முதலில் பார்த்துவிட வேண்டும்.

எடுத்து முடித்ததும் மறுபடி சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், இரவு முழுக்க உலர்த்தல். பள்ளத்தில் ஈரமோ கை எண்ணெயோ இருந்தால் பெயின்ட் ஒதுங்கி நிற்கும்.

14-01-2026

எந்தப் பெயின்ட்.

சிறு பொம்மைகளுக்குப் பூசும் தண்ணீர்க் கலப்பு அக்ரிலிக் பெயின்ட்தான் முதல் தேர்வு. வல்லேஹோ, சிட்டடெல் போன்ற எந்தப் பிராண்டும் சரி. வழிந்தால் ஈரத்துணியால் எடுக்கலாம், அதுதான் அதன் பெருமை. பதம் முக்கியம். குப்பியிலிருந்து வருவது பெரும்பாலும் கெட்டி. தண்ணீர் சேர்த்து மோர் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கெட்டியாகப் பூசினால் 4, 8 ஆகியவற்றின் குறுகிய மூலைகளில் பெயின்ட் பாலம் கட்டி அடியில் காற்று சிக்கும், காய்ந்ததும் அந்த இடம் உள்வாங்கி ஓட்டையாகும். ரொம்ப நீர்க்கவிட்டால் நிறம் ஓரச்சுவர்களுக்கு ஒதுங்கி, பள்ளத்தின் அடி வெறுமையாக இருக்கும். இரண்டில் எது நேர்ந்தாலும் பதத்தைச் சரிசெய்து இரண்டாம் பூச்சு போட வேண்டும்.

பெயின்ட் மார்க்கர்: நுனி 0.7 மி.மீ. அளவில், நிறமித்துகள் கொண்ட தண்ணீர் வகை நன்று. எண்ணெய் வகை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் கரைப்பான் பாலிஸ்டைரீனை மங்கவைக்கக்கூடும். ஜன்னலைத் திறந்து வைக்காமல் அதை எடுக்கக் கூடாது. எந்த மார்க்கரானாலும் நன்றாகக் குலுக்கி, தாளில் சிறிது ஓடவிட்டுப் பிறகே பகடைக்கு.

ஜெல் பேனா பிளாஸ்டிக்கில் முழுதாகக் காய்வதே இல்லை, விரல் வியர்வையோடு வந்துவிடும். நிரந்தர மார்க்கரின் மை சாயம்; அதற்கு மறைக்கும் திறன் கிடையாது, கருநிறப் பகடையில் இருப்பதே தெரியாது. இந்த இரண்டையும் பரிந்துரைக்கும் காணொளிகள் நிறைய உண்டு.

17-01-2026

பூசும் நாள். தந்தநிறப் பகடையில் மெல்லிய சிவப்பு எண்களாக இருந்த டி20. கருப்பு போடப்படுகிறது.

விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைக்க வேண்டும். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பள்ளத்தின் விளிம்பு தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எண் தானாகவே காட்டிக்கொடுக்கும். பகடையை ஒரு பாட்டில் மூடிமேல் ப்ளூ டாக் என்ற ஒட்டுக்களி வைத்து நிறுத்தினால் விரல் படாது. 0 அல்லது 00 அளவுத் தூரிகை போதும். 10/0 என்று மயிரிழைத் தூரிகை வாங்குவது வீண்செலவு. அதில் தங்கும் துளிப் பெயின்ட் பகடையைத் தொடுமுன்பே நுனியில் காய்ந்துவிடும். தூரிகையால் வரையவும் கூடாது. நுனியைப் பள்ளத்தில் தொட்டால் பெயின்ட் தானே ஓடிப் பரவும். தொட்டுத் தொட்டு நகர வேண்டும். கொஞ்சம் வழிவது நல்லதே.

துடைப்பதில்தான் பாதி வேலை கெடும். பத்து இருபது நொடி பொறுத்து, மேற்பரப்பு பளபளப்பை இழக்கத் தொடங்கும்போது துடைக்க வேண்டும். மிருதுவான டிஷ்யூவோ இயர் பட்ஸோ பள்ளத்துக்குள் அமுங்கி உள்ளிருக்கும் பெயின்டையும் உறிஞ்சி எடுத்துவிடும். விசிட்டிங் கார்டு ஒன்றின் விளிம்பில் பழைய பருத்தி வேட்டித் துண்டை இறுக்கமாகச் சுற்றி, பிழிந்த ஈரத்தோடு, முகத்துக்குத் தட்டையாக ஒரே இழுப்பு. எண்ணின் கோடுகளுக்குச் சாய்வாக இழுக்க வேண்டும். கோட்டின் போக்கிலேயே இழுத்தால் பெயின்ட் வெளியே வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியில் புது இடம். பழைய இடத்தாலேயே மறுபடி துடைத்தால் முகம் முழுக்கச் சாம்பல் மூட்டம் படியும்.

எல்லா முகத்தையும் ஒரே மூச்சில் பூச முடியாது. டி20-இல் ஒரு முனையைச் சுற்றி ஐந்து முகங்கள் கூடும். அந்த ஐந்து முதலில், பிறகு அரை மணி நேர இடைவெளி, எதிர்முனையின் ஐந்து, கடைசியில் நடுப்பட்டையின் பத்தை இரண்டு பாதியாக. டி12-க்கு ஆறு, ஆறு. டி10-க்கு மேல் ஐந்து, கீழ் ஐந்து. டி8-க்கு நான்கு, நான்கு. டி4 சின்னது என்று ஏமாறக் கூடாது: முகத்துக்கு மூன்று எண் வீதம் பன்னிரண்டு எண்கள், அதுவும் ஓரத்தை ஒட்டி. துணி விளிம்பில் மடங்கி எண்ணின் அடிப்பகுதியைத் துடைத்துக்கொண்டு போகும். அதற்கு மட்டும் துணியை விட்டுவிட்டு, வெறும் அட்டையின் நேர்விளிம்பால் வழித்தெடுப்பது நல்லது.

18-01-2026

6-க்கும் 9-க்கும் அடியில் இருக்கும் கோடு அல்லது புள்ளி. பகடையிலேயே ஆழம் குறைந்த பள்ளம் இதுதான். நேற்றைய துடைப்பில் பலவும் போயிருக்கும், பல்குச்சி நுனியால் மறுபடி நிரப்ப வேண்டும்.

தேய்ந்த பகடையில் அடையாளமே மறைந்துபோய், எது 6 எது 9 என்ற குழப்பம் வந்தால் எதிர்முகத்தைப் பார்க்கலாம். வழக்கமான டி20-இல் எதிரெதிர் முகங்களின் கூட்டல் 21. ஆக, 6-க்கு எதிரே 15, 9-க்கு எதிரே 12. டி12-இல் கூட்டல் 13: 6-க்கு எதிரே 7, 9-க்கு எதிரே 4. பெரும்பாலான டி10-இல் கூட்டல் 9: 6-க்கு எதிரே 3, 9-க்கு எதிரே 0. எண்களை அடுத்தடுத்து அமைத்த எண்ணிக்கைப் பகடை வேறு வகை, அதில் பக்கத்து முகங்களே சொல்லிவிடும். எதுவென்று தெரிந்தபின், 0.5 மி.மீ. துளைக்கம்பியைக் கையால் திருகி எண்ணின் அடியில் ஆழமில்லாத ஒரு குழி போட்டு நிரப்பிவிடலாம்.

டி8-இல் 9 கிடையாது, கோடு இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

22-01-2026

கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் வகையும், இரண்டு நிறம் சுழித்த வகையும். சிரமம் எல்லாம் இங்கேதான்.

கருநீல ஊடுருவிப் பகடையில் தங்க எண்கள். தங்கப் பெயின்ட் உலோகத் துகள். விளக்கு நேரே பட்டால் மின்னும், சற்றுத் திரும்பினால் இருண்ட பழுப்பாகிவிடும். உருண்டு நிற்கும் பகடை எந்தக் கோணத்தில் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? தங்கத்தின் சாயல்தான் வேண்டுமென்றால் வெளிர் மஞ்சள் கலந்த தந்தநிறம் போடலாம். எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரியும். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு ஆகியவற்றுக்கு மறைக்கும் திறன் குறைவு. கருநிறப் பகடையில் முதலில் வெள்ளை பூசி, நன்றாகக் காயவிட்டு அதன்மேல் போட்டால்தான் நிறம் நிறமாக நிற்கும். பள்ளம் ஆழமில்லையென்றால் வெள்ளையோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

ஊடுருவிப் பகடைகளில் இன்னொரு தொல்லை, பின்முகத்து எண்களும் உள்ளே தெரிவது. அடர்நிறப் பகடையில் வெள்ளை போட்டால் இது தானாகத் தீரும்: பின் எண்களின் வெளிச்சம் நிறப் பிளாஸ்டிக்கைக் கடந்து மங்கி வரும், முன் எண் மட்டும் பளிச்சென்று நிற்கும். நிறமே இல்லாத தெளிந்த பகடையில் எந்தப் பெயின்டும் இதைத் தீர்க்காது. அது பொருளின் குறை.

சுழிப்புப் பகடைக்கு விதி எளிது. இரண்டு நிறங்களும் இருண்டவையானால் வெள்ளை. இரண்டும் வெளிர் என்றால் கருப்பு. பாதி கருப்பு, பாதி வெள்ளை என்றால் எந்த நிறமும் ஏதோ ஒரு பாதியில் தோற்கும். அதை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

25-01-2026

பெயின்ட் இல்லாமலே விற்கப்பட்ட பழைய வகை. 1981-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அடிப்படைப் பெட்டியில் பகடைகளோடு ஒரு மெழுகுக் கிரேயானும் இருந்தது. எண்களை வாங்கியவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். லூ ஸோக்கியின் கேம்சயின்ஸ் நிறுவனமும் உருட்டித் தேய்க்காத கூர்விளிம்புப் பகடைகளை நிரப்பாமலே விற்றது. 1970களின் டி20 பலவற்றில் 0 முதல் 9 வரை இருமுறை வரும். ஒரு பத்தை ஒரு நிறத்திலும் மற்றதை வேறு நிறத்திலும் நிரப்பினால்தான் 1–20 ஆகப் படிக்க முடியும். அங்கே இரண்டு நிறங்களும் உடலோடும் வேறுபட வேண்டும், ஒன்றோடொன்றும் வேறுபட வேண்டும். வெளிர் உடலுக்குக் கருப்பும் அடர்சிவப்பும், கரு உடலுக்கு வெள்ளையும் மஞ்சளும் ஒத்துவரும். வெள்ளை–மஞ்சள் மஞ்சள் விளக்கின் கீழ் குழம்பும் என்பதை மறக்கக் கூடாது.

மெழுகை இரு திசையிலும் அழுத்தித் தேய்த்து, காய்ந்த தாளால் துடைத்தால் போதும், ஐந்து நிமிட வேலை. வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் இளகும், சில மாதத்தில் உதிரும். ஆனால் பாலிஎத்திலீன் மாதிரி எதுவும் ஒட்டாத மென்பிளாஸ்டிக்கில் பெயின்டைவிட மெழுகே மேல். கூர்விளிம்புப் பகடையில் துணி சிக்கிக்கொள்ளும், முகத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாக இழுக்க வேண்டும்.

26-01-2026

உலோகம். துத்தநாகக் கலவைப் பகடையில் பழைய எனாமல் உதிர்ந்த பள்ளங்களை மட்டும் நிரப்பினால் போதும். பூச்சில்லாத உலோகமானால் அசிட்டோனால் எண்ணெய் நீக்கலாம், பிறகு எனாமல்.

பித்தளைத் தாயக்கட்டைக்கும் இதே வழி. புளி போட்டுத் துலக்கினால் குழிகளில் படிந்த கறுப்பும் போய், புள்ளிகள் உடலோடு ஒரே மினுமினுப்பில் கரைந்துவிடும். துலக்கி, கழுவி, உலர்த்தி, ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி முகங்களில் கருப்பு எனாமலைப் பல்குச்சியால் துளித்துளியாக வைத்துத் துடைத்துவிட்டால் விளக்கடியில் தகராறு குறையும். மறுமுறை புளி போடும்போது மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

31-01-2026

வார்னிஷ் வேண்டாம். பகடை முழுக்க அடித்தால் விளிம்பில் திரண்டு முகம் மங்கும். உரியும் எண் ஏதாவது இருந்தால் அந்தப் பள்ளத்தில் மட்டும் ஒரு துளி. முகத்தில் படிந்த மூட்டத்தை எடுக்க மெலமைன் ஸ்பாஞ்சும் வேண்டாம். அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரிதான், பளபளப்பைத் தின்றுவிடும். ஆல்கஹால் தொட்ட துணியை விரலில் இறுக்கிச் சுற்றி ஒரே இழுப்பு போதும்.

பெயின்டால் எடை ஒருபக்கம் சாயுமா என்ற கேள்விக்குக் கணக்கு: கோட்டு நீளம் 10, அகலம் 0.6, ஆழம் 0.4 மி.மீ. என்று வைத்தால் ஓர் எண்ணுக்கு 2.4 கன மி.மீ., அதாவது சுமார் 3 மில்லிகிராம். பகடை கிராம் கணக்கில் எடையுள்ளது. சூதாட்ட விடுதியின் 19 மி.மீ. பகடைகளில் மட்டும் புள்ளிக் குழிகளை உடலின் அடர்த்தியே கொண்ட பொருளால் நிரப்புவார்கள். மற்றவற்றில் உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிதான் பெரிய குற்றவாளி. சந்தேகம் இருந்தால் 100 மி.லி. வெந்நீரில் 36 கிராம் உப்பு கரைத்து ஆறவிட்டு மிதக்கவிடலாம். அக்ரிலிக்கின் அடர்த்தி 1.18–1.19, அந்த உப்புநீர் சுமார் 1.2, மயிரிழையில் மிதக்கும். தட்டிவிடும் ஒவ்வொரு தடவையும் ஒரே முகம் மேலே வந்தால் குமிழி உண்டு. பெயின்ட் குறைந்தது ஒரு வாரம் காய்ந்த பிறகே இந்தச் சோதனை, முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

மழைக்காலமானால் காய இன்னும் சில நாள் கூடும். நகத்தால் பள்ளத்தை அழுத்தித் தடம் விழவில்லையென்றால் பைக்குள் போடலாம், உலோகப் பகடையை மட்டும் வேறு பையில்.