கழற்றுவதற்கு முன் ஒரு ஊதுபத்தி

போன வாரம் முழுக்க ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் வெளிப்புறத்தில், கயிற்றில் தொங்கும் கிரேடில் என்ற மேடையில் நின்று வேலை. ஒன்பதாவது மாடியில் ஒரு கண்ணாடியின் ஓரத்து ரப்பர் காஸ்கெட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நல்ல ரப்பர் அழுந்தும், விட்டதும் மீளும். இது குச்சி மாதிரி ஒடிந்து கையோடு வந்துவிட்டது. வெயிலில் காய்ந்து சுருங்கியதில், ஒவ்வொரு மூலையிலும் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி. உள்ளே போய் அதே மூலையில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடித்தேன். புகை மேலே எழவே இல்லை. அப்படியே படுத்து அறைக்குள் ஓடியது. ஏசி எவ்வளவு ஓடினாலும் அந்த அறை குளிராததற்குப் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

கட்டடக்காரர்கள் ஏற்கெனவே ஒரு முடிவில் இருக்கிறார்கள். பழைய கண்ணாடி, பிரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழுக்கப் புதுசு. மின்சாரம் மிச்சமாகும், கட்டடம் பசுமையாகிவிடும் என்கிறார்கள். மின்சாரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். சாதாரண ஒற்றைக் கண்ணாடி வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர மீட்டருக்கு 5.7 வாட் வெப்பம் கடக்கிறது. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சும் நடுவில் ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடியில் அது 1.1 வரை இறங்கும். இதை நான் மறுக்கவில்லை. என் கவலை எல்லாம் கணக்கின் மற்றப் பக்கத்தை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான்.

6 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ. முகப்பில் 4,000 சதுர மீட்டர் கண்ணாடி இருந்தால் கழற்றுவது 60 டன். அதன் இடத்தில் வருவது இரட்டை என்பதால் 120 டன். அந்தக் கண்ணாடியை உருக்கும் உலை சுமார் 1,500 டிகிரி செல்சியசில், இரவு பகல் நிற்காமல் வருடக்கணக்கில் எரிவது. ஒரு கிலோ கண்ணாடிக்கு ஒரு கிலோவுக்கும் கூடுதலாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. அலுமினியம் இன்னும் மோசம். தாதுவிலிருந்து ஒரு கிலோ எடுக்க, உருக்காலையில் மட்டும் 14 யூனிட் அளவுக்கு மின்சாரம் போகும். பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தால் அந்தச் செலவில் 5 சதவீதம் போல ஆகும். அப்படியானால் ஏற்கெனவே சுவரில் நிற்கிற அலுமினியப் பிரேமை, அது நல்ல நிலையில் இருக்கும்போதே கழற்றி எறிவானேன்?

இன்னொன்றும் இருக்கிறது. இரட்டைக் கண்ணாடிக்கு ஆயுள் உண்டு. ஓரத்து முத்திரை 20, 30 வருடத்தில் விட்டுப்போகும். நடுவில் ஈரம் புகுந்து பனிமூட்டம் போலப் படரும். எந்தத் துணியாலும் துடைக்க முடியாது, மொத்தமாகத் தூக்கிப்போட வேண்டியதுதான். பழைய ஒற்றைக் கண்ணாடி அப்படி இல்லை. உடையாத வரை அது கண்ணாடிதான்.

கழற்றிய கண்ணாடி மறுபடி கண்ணாடி ஆகும் என்று நம்பியிருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டடத்தில் அந்த நம்பிக்கை போயிற்று. இடிப்பவர்கள் கண்ணாடி, அதை ஒட்டியிருந்த பசை, செங்கல் துண்டு, திருகாணி எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டினார்கள். ஒப்பந்தத்தில் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. கண்ணாடி உலையில் ஒரு சின்னப் பீங்கான் துண்டு விழுந்தாலே அது உருகாமல் நின்று புதுக் கண்ணாடியைக் கெடுத்துவிடும். அதனால் கலப்படத்தை எந்தத் தொழிற்சாலையும் தொடாது. நல்ல தெளிந்த கண்ணாடி முழுக்கப் பள்ளம் நிரப்பப் போயிற்று. லாரி கிளம்பும்போது கேட்ட அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம், பழைய முகப்பைத் தொடுவதற்கு முன் பரிசோதனை கட்டாயம். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். 1950 முதல் 1970கள் வரை கட்டிய கட்டடங்களின் இணைப்புப் பசையில் பிசிபி என்ற நச்சு இருக்கலாம், அது பக்கத்துக் கான்கிரீட்டிலும் ஊறியிருக்கும். தெரியாமல் அறுக்கும் கிரைண்டரை வைத்தால் முதலில் மூச்சில் வாங்குபவர்கள் கிரேடிலில் நிற்கும் தொழிலாளர்கள்தான்.

இதை எல்லாம் சொல்லும்போது நான் எப்போதும் காட்டுவது நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை. 2010-ல் அங்கே 6,514 ஜன்னல்களைப் புதுப்பித்தார்கள். கட்டடத்துக்கு உள்ளேயே, 5வது மாடியில், ஒரு பட்டறை போட்டார்கள். இருந்த இரட்டைக் கண்ணாடியைப் பிரித்துக் கழுவி, நடுவில் ஒரு படலம் வைத்து, வாயு நிரப்பி, திரும்ப மாட்டினார்கள். பழைய கண்ணாடியில் பெரும்பகுதி அதே கட்டடத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற இடங்களும் இருக்கின்றன. அதே நகரத்தின் ஜேவிட்ஸ் மாநாட்டு மையத்தில் பளபளக்கும் பழைய கண்ணாடியை எடுத்துவிட்டு, பிரதிபலிப்புக் குறைந்த, புள்ளி அச்சிட்ட கண்ணாடி வைத்தார்கள். மோதிச் சாகும் பறவைகள் சுமார் 90 சதவீதம் குறைந்தன. ஆகாயத்தைக் காட்டும் கண்ணாடியைப் பறவை ஆகாயம் என்றே நம்பிப் பறக்கிறது. கிரேடிலில் நிற்கும்போது அந்த அடியின் சத்தத்தைப் பக்கத்தில் கேட்டவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சரி, எங்கள் கட்டடத்துக்கு வருகிறேன். மேற்குப் பக்கம், மேலிருந்து கீழாக ஒரே ஒரு ஜன்னல் வரிசையை மட்டும் முதலில் சரிசெய்து பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். காஸ்கெட் புதுசு, சிலிகான் புதுசு, வெளியே வெயில் மறைப்புத் தகடுகள். உள்திரை கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தைத்தான் மறைக்கிறது, வெளித்தகடு கண்ணாடி மேல் விழும் முன்பே தடுத்துவிடும். பக்கத்து வரிசையை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு அறைகளிலும் வெப்பமானி வைக்கப்போகிறோம். ஒரு மாதம் அளந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று அரை மனதோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காஸ்கெட் சுருள் நாளை வருகிறது.