மூன்று குட்டிகளும் ஒரு நெகட்டிவும்

செப்டம்பர் 9, 2024, திங்கள்

வேலைக்குக் கிளம்பும்போது மின்தூக்கி வாசலில் எதிர்வீட்டு அக்கா நிறுத்தினார். "சின்னக்குட்டி ராத்திரியிலிருந்து மூணு தடவை வாந்தி எடுத்துடுச்சும்மா. தண்ணிக் கிண்ணத்து மேல தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கு. ஆனா ஒரு வாய் குடிக்கமாட்டேங்குது."

சிங்கப்பூரில் வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடியில், பூனை வளர்க்கலாம் என்று இந்த மாதம் முதல் தேதிதான் விதி மாறியது. அதற்குக் காத்திருந்தவர்போல, புளோக் கீழ்த்தளத்தில் தாய் விட்டுப்போன மூன்று குட்டிகளையும் மேலே கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்கு இரண்டுதான் அனுமதி, மூன்றாவது மகள் வீட்டுக்காம். தடுப்பூசி எதுவும் இன்னும் போடவில்லை.

கிண்ணத்தின் மேல் தொங்கும் தலை என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாயங்காலம்வரை வைத்திருக்காதீர்கள், இப்போதே கிளினிக்குக்குப் போங்கள், மற்ற இரண்டையும் தனி அறையில் விடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நான் வேலை செய்யும் விலங்கு நோய் ஆய்வகத்துக்கு மதியம் வந்த மாதிரிகளில் அக்காவின் குட்டியுடையதும் இருந்தது. குப்பியில் கொஞ்சம் மலம், ஊதா மூடிக் குழாயில் ரத்தம், கூட ஒரு படிவம். 'பார்வோ துரிதச் சோதனை நெகட்டிவ். வெள்ளணுக்கள் 700.' ஆரோக்கியமான பூனைக்கு ஒரு மைக்ரோலிட்டரில் ஐயாயிரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

பூனைப் பார்வோ வைரஸ் குடலின் உள்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்தே அடிக்கும். வேகமாகப் பெருகும் செல்தான் அதற்கு வேண்டும், இந்த இரண்டு இடத்திலும் அது தாராளமாகக் கிடைக்கிறது. அதனால்தான் பேதியோடு வெள்ளணுவும் சரிகிறது. துரித அட்டை நாய்ப் பார்வோவுக்காகச் செய்தது. இரண்டும் நெருங்கிய உறவு என்பதால் பூனைக்கும் வேலை செய்யும், ஆனால் கோடு விழாமல் ஏமாற்றுவதும் உண்டு. மலத்தில் வைரஸ் வெளிவரும் நாள் தள்ளிப்போயிருக்கலாம், இல்லை குட்டியின் உடம்பில் உருவான எதிர்ப்பொருள் வைரஸைப் போர்த்தி மறைத்திருக்கலாம். அட்டையை நம்பாமல் பிசிஆருக்கு, அதாவது வைரஸின் டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு, அனுப்பிய அந்த டாக்டரைப் பாராட்ட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவள் சாயங்காலம் என்ன செய்தேன்? அக்கா கதவைத் தட்டி, அழாத குறையாக நின்றார். மனசு கேட்காமல், "முதல் சோதனை நெகட்டிவ்தான் அக்கா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் காதில் 'பார்க்கலாம்' விழவில்லை.

செப்டம்பர் 11, புதன்

காலையில் பிசிஆர் ஓட்டம் முடிந்ததும், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டான். "அக்கா, பூனை நெகட்டிவ்." திரையில் வைரஸ் வளைகோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சரி, உள் கட்டுப்பாடு எங்கே என்று கேட்டேன். அந்த வண்ணத்தைத் தட்டிப் பார்த்தான். அதுவும் படுத்திருந்தது.

ஒவ்வொரு மாதிரியிலும் நாங்களே கொஞ்சம் அறிந்த டிஎன்ஏவைக் கலந்துவிடுவோம். வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பெருகியே ஆக வேண்டும். அதுவே எழவில்லை என்றால் அந்தக் குழாயில் வினையே நடக்கவில்லை என்று அர்த்தம். மலத்தில் பித்த உப்பும் இன்ன பிறவும் கலந்து வந்து நொதியைக் கட்டிப்போட்டுவிடும். வைரஸ் 'இல்லை' என்று எழுத அங்கே எதுவும் கிடைக்கவில்லை. பெயர் கூப்பிட்டும் பதில் வராததற்கு ஆள் செத்துவிட்டான் என்று எழுதுவதுபோல, என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிரித்தெடுத்த டிஎன்ஏவைப் பத்துக்கு ஒன்றாக நீர்த்து மறுபடி ஏற்றினோம். வைரஸும் நீர்த்துப்போகும்தான், அதில் சுமார் மூன்று சுற்று தள்ளிப்போகும். தடுக்கிற சரக்கும் கூடவே நீர்த்துப்போகிறதே, நமக்கு அதுதான் வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் பத்தொன்பதாவது சுற்றிலேயே வளைகோடு செங்குத்தாக ஏறியது. குடல் முழுக்க வைரஸ்.

கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டு அக்காவையும் அழைத்தேன். "நேத்து நீ நெகட்டிவ்னு சொன்னியேம்மா, பாவம் தனியா கத்துதேன்னு மத்த ரெண்டையும் ராத்திரி அதே துணியில படுக்கவெச்சேன்" என்றார்.

சின்னக்குட்டியை அப்போதைக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்களாம். அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

விடியற்காலையில் சின்னக்குட்டி போய்விட்டது.

ராத்திரி ஊரில் ராசிபுரத்திலிருந்து என் தம்பி வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினான். எங்கள் பசு சிவப்பிக்கு உடம்பெல்லாம் காசு காசாகக் கட்டி, முன்காலில் வீக்கம். அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டிருக்கிறார். 'பெரியம்மை' என்கிறார்கள் ஊரில், தோல் கழலை நோய்தான். ரத்தம் எடுத்துப் போனார்களாம், ஒன்றும் இல்லை என்று வந்ததாம்.

கட்டி வந்து எத்தனை நாள் என்று கேட்டேன். இரண்டு வாரத்துக்கு மேலாம். பிறகு ரத்தத்தில் என்ன இருக்கும்? இந்த வைரஸ் ரத்தத்தில் சில நாள்தான் தங்கும், தோலில்தான் வாரக்கணக்காகக் குடியிருக்கும். கட்டி காய்ந்து உதிரும் பொருக்கை எடுத்துச் சுத்தமான காய்ந்த டப்பியில் போடு, ஃபார்மலினில் மட்டும் போட்டுவிடாதே என்று சொன்னேன். ஃபார்மலின் திசுவைக் கண்ணாடித் தகட்டில் பார்க்கத்தான் நல்லது, வைரஸை வளர்த்தெடுக்க ஆகாது. கடிக்கும் ஈயும் கொசுவும் பரப்புவதால் மற்ற மாட்டைத் தள்ளிக் கட்டச் சொன்னேன். மனிதனுக்கு வராது என்றதும் அம்மா போனைப் பிடுங்கி, "அதை முதல்ல சொல்லக்கூடாதா" என்றார்.

இங்கே சிங்கப்பூரிலும் 2022 மார்ச்சில் லிம் சூ காங் பக்கம் பால்மாடுகளில் இதே நோய் வந்தது. தேக்காவில் பொங்கலுக்குக் கட்டிவைக்கும் மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவற்றின் கழுத்துத் தோலைத்தான் பார்க்கிறேன். தொழில் புத்தி.

செப்டம்பர் 14, சனி

இரண்டாவது குட்டிக்குக் காய்ச்சல். அக்கா என்னிடம் சொல்லவில்லை, அவர் மகள்தான் சொன்னாள். நேரே கிளினிக்கில் சேர்த்துவிட்டார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

யீஷூனில் இவருடைய மாமா வீட்டில் சாப்பாடு. பூனைக் கதை சொல்லப்போக, மாமா 1999க்குப் போய்விட்டார். அப்போது அவர் பன்றி அறுக்கும் கூடத்தில் துப்புரவு வேலை. "மார்ச் மாசம் ஒருநாள் திடீர்னு கதவை மூடிட்டாங்க. கூட வேலை செஞ்சவங்க காய்ச்சல்னு போயிட்டே இருந்தாங்க. முதல்ல என்னன்னே யாருக்கும் தெரியலை."

நிப்பா வைரஸ். அந்த மார்ச்சில் சிங்கப்பூரில் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். மலேசியாவிலிருந்து வந்த பன்றிகள்தான் மூலம். மலேசியாவில் 1998 செப்டம்பரிலேயே ஈப்போ பக்கம் தொடங்கிவிட்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். சில நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருளும் இருந்தது, அதனால் நினைப்பு உறுதியானது. கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

பொருந்தாத சங்கதிகள் கண்முன்னேதான் கிடந்தன. கொசு பரப்பும் அந்த நோய் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும், இங்கே விழுந்தவர்கள் பன்றியோடு புழங்கிய பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். அதைவிட, பன்றிகளே தூரத்துக்குக் கேட்கும்படி குரைப்பதுபோல் இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் சினைப்பன்றிக்குக் கரு கலையும், இப்படி மந்தையே இருமாது. கடைசியில் 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் முதுகுத்தண்டு நீரைச் செல் வளர்ப்பில் இட்டார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய திட்டுகளாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்யாது. சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. மொத்தத்தில் மலேசியாவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்தார்கள்.

எனக்கு அந்த எதிர்ப்பொருள் முடிவுதான் உறுத்துகிறது. சோதனை பொய் சொல்லவில்லை. எப்போதோ வந்த தொற்றின், இல்லை போட்ட தடுப்பூசியின் சுவடு அது. கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது. வேறு கேள்வி கேட்கத்தான் ஆறு மாதம் ஆனது.

மாமா மீன்குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, "நான் அந்த வாரம் லீவுல இருந்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

இரண்டாவது பிழைத்துக்கொண்டது. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டது, எலும்பும் தோலுமாக. மூன்றாவதுக்கு ஒன்றுமே வரவில்லை.

காலையில் அக்காவே கதவைத் தட்டினார். வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். கோவிட் காலத்து ஜெல் புட்டி இரண்டைக் கையில் வைத்திருந்தார். அது இதற்கு உதவாது அக்கா என்றேன். கொரோனாவுக்குக் கொழுப்புறை உண்டு, ஆல்கஹால் அதைக் கிழித்துவிடும். பார்வோவுக்கு உறையே இல்லை, தரையில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு 31 பங்கு தண்ணீர். முதலில் சோப்பால் அழுக்கை எடுத்துவிட்டு, பிளீச் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும்.

இருவருமாகத் துடைத்தோம். சோபாவுக்கடியில் கைவிட்டபோது சின்னக்குட்டி விளையாடிய நூல்பந்து வந்தது. அதைக் குப்பைப் பையில் போட்டார்.

"அன்னைக்கு ராத்திரி ஒண்ணா படுக்கவெச்சதாலதான் ரெண்டாவதுக்கு வந்துச்சா?"

தொற்றினால் நோய் தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். கீழ்த்தளத்திலேயே மூன்றுக்கும் ஒட்டியிருக்கலாம், அந்தத் துணியிலும் ஒட்டியிருக்கலாம். எந்த இரவு வந்தது என்று பிசிஆர் சொல்லாது. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். நெகட்டிவ் என்று நான் அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாது என்பதையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் துணியைப் பிழிந்தார். "பாத்ரூம் ஓரத்தையும் ஒருதரம் பாரும்மா" என்றார்.