டைதயோனைட் டப்பாவும் ஹீமோகுளோபின் படிகமும்

ஒருவழியாக எங்கள் ஹீமோகுளோபினின் படிக அமைப்பு கிடைத்துவிட்டது. ஆக்சிஜன் ஏறாத வடிவத்தை வளர்க்க இறங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

பெங்களூரில் நாங்கள் எடுத்துக்கொண்டது, செயற்கை ரத்தத்துக்காக 1990களில் வடிவமைத்த வகை. ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டிரண்டு புரதச் சங்கிலிகள். இதில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளையும் கிளைசின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் இணைத்திருக்கும். இல்லாவிட்டால் சிவப்பணுவுக்கு வெளியே புரதம் இரண்டாகப் பிரிந்து சிறுநீரகம் வழியே போய்விடும். பீட்டாவில் 108ஆவது இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லைசின், ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க. ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்தது, சுத்தம் செய்தது எல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

மாட்டிக்கொண்டது டைதயோனைட்டில், அதாவது கரைசலில் இருக்கும் ஆக்சிஜனை நீக்கப் போடும் பொடியில். லேபில் இருந்தது எப்போதோ திறந்த டப்பா. புதியது கேட்டு இண்டென்ட் போட்டால், "பழசு முக்கால்வாசி இருக்கே, முடிச்சுட்டு வாங்க" என்று ஸ்டோர்ஸில் திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை நடந்தேன். வேறு வழியில்லாமல் பழையதையே போட்டேன். நாவற்பழ நிறத்தில் நிற்கவேண்டிய கரைசல் இரண்டே நாளில் கருப்பட்டி நிறமாகிவிட்டது. இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து எல்லாம் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாத மெட்ஹீமோகுளோபின். ஆறு லிட்டர் கல்ச்சரில் எடுத்த புரதம் போச்சு. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

லேப் சீனியர் அக்கா திருநெல்வேலிக்காரர். டப்பாவைத் திறந்ததுமே சொல்லிவிட்டார்: "கட்டி தட்டியிருக்கு, கந்தக நெடி அடிக்குது. இதை நம்பலாமா தம்பி?" அவரே வந்து பேசிய பிறகுதான் புது டப்பா கிடைத்தது. கிடைத்ததும் காற்றில்லாத நைட்ரஜன் பெட்டிக்குள் வைத்துச் சின்னக் குப்பிகளில் பிரித்து மூடிவிடுங்கள். ஒரு குப்பி ஒரு தடவைக்குத்தான்.

அப்புறம் அமோனியம் சல்பேட்டில் படிகங்கள் வந்தன. ஒரு சொட்டை மட்டும் வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். காற்று பட்ட ஓரம் முதலில் சிவந்தது, பிறகு விரிசல் ஓடியது. ஆக்சிஜன் ஏறியதும் மூலக்கூறு வடிவம் மாறுகிறது, பழைய அடுக்கு தாங்கவில்லை. 1938இல் உயிர்வேதியியலாளர் ஹௌரோவிட்ஸ் லென்ஸில் பார்த்ததும் இதே மாற்றத்தைத்தான். படிகம் போனாலும், அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

எக்ஸ்ரே தரவு சுலபமாக வந்தது. ஆனால் கிளைசின் இருக்கும் இடத்தில் எலக்ட்ரான் அடர்த்தி (அணுக்கள் எங்கே என்று காட்டும் வரைபடம்) மங்கலாகவே இருந்தது. ஒரு வாரம் குழம்பினேன். மூலக்கூறு ஏறக்குறைய சமச்சீரானது, படிகத்துக்குள் இரண்டு திசையிலும் உட்காரும். இணைப்பும் பாதி இங்கே, பாதி அங்கே. இரண்டு இடத்திலும் பாதிப்பாதியாக வைத்ததும் பொருந்திவிட்டது. புரத அமைப்புகளுக்கான தரவு வங்கியில் சேர்க்கும்போது இரண்டு ஆல்ஃபாவையும் 283 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியாகக் கொடுங்கள். நான் தனித்தனியாகக் கொடுத்துத் திரும்பவும் முதலிலிருந்து நிரப்பினேன்.