பட்டியலுக்குள் பட்டியல்: ஸ்க்ரோல் திக்கலைத் துரத்திய கதை

படித்த புத்தகங்களைக் குறித்து வைக்க நானே எழுதிவரும் ஆண்ட்ராய்டு ஆப்பில், முகப்புத் திரை மேலிருந்து கீழே ஓடும் ஒரு ரீசைக்ளர்வியூ (திரையை விட்டுப் போன வியூக்களையே மறுபடி பயன்படுத்தும் பட்டியல்). புத்தக வகைக்கு ஒன்றாக உள்ள அதன் ஒவ்வொரு வரிசைக்குள்ளும் அட்டைப்படங்கள் பக்கவாட்டில் ஓடும் இன்னொரு ரீசைக்ளர்வியூ. மெதுவாகத் தள்ளினால் சரி, வேகமாகத் தள்ளினால் புது வரிசை தலைகாட்டும் போதெல்லாம் ஒரு திக்கல். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பதே 16.7 மில்லிசெகண்ட், 120 ஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதி. அதற்குள் நாலைந்து அட்டைகளைப் புதிதாக இன்ஃப்ளேட் செய்யச் சொன்னால், அதாவது லேஅவுட் கோப்பிலிருந்து வியூவாக உருவாக்கச் சொன்னால், ஃப்ரேம் தவறத்தான் செய்யும்.

முதலில் கை வைத்தது பூலில், அதாவது கழித்த வியூக்கள் மறுபயன்பாட்டுக்குக் காத்திருக்கும் இடத்தில். உள் பட்டியல் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பூல் வைத்துக்கொள்ளும், ஒன்று கழித்த அட்டை இன்னொன்றுக்குப் போகாது. அதனால் ஒரே ரீசைக்கிள்டுவியூபூலை உருவாக்கி எல்லாவற்றுக்கும் கொடுத்தேன். அது மட்டும் போதாது, உள்ளே இருக்கும் லீனியர்லேஅவுட்மேனேஜரில் ரீசைக்கிள்சில்ட்ரன்ஆன்டிட்டாச் என்பதை ட்ரூ ஆக்கினால்தான், திரையை விட்டுப் போகும் வரிசை தன் அட்டைகளை பூலில் போடும். பூலிலும் ஒரு வியூ வகைக்கு இயல்பாக 5 இடம்தான், அதை 15 ஆக்கினேன். வரிசைக்கு நான்கு அட்டை தெரிவதால் இனிஷியல்பிரீஃபெட்ச் எண்ணிக்கையை (வரிசை தெரியும் முன்பே தயாராக்கும் அட்டைகள்) 2-லிருந்து 4-க்கு மாற்றினேன். ட்ரேஸ் எடுத்துப் பார்த்தால், தொடக்கத்துக்குப் பிறகு இன்ஃப்ளேட் அநேகமாகக் கண்ணிலேயே படவில்லை.

அப்புறம்தான் வேடிக்கை. வரலாறு வரிசையைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுக் கீழே போனால், கவிதை வரிசையும் பாதியிலிருந்து தொடங்குகிறது! மறுபயன்பாட்டில் வரும் வரிசை பழைய இடத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. ஆன்வியூடிட்டாச்ட்ஃப்ரம்விண்டோவில் லேஅவுட்மேனேஜரின் நிலையைப் புத்தக வகையின் ஐடியோடு சேமித்து, பைண்ட் செய்யும்போது (வரிசையில் தரவை நிரப்பும்போது) திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. சேமித்தது எதுவும் இல்லையென்றால் பூஜ்யத்துக்கு அனுப்ப வேண்டும். உள் பட்டியலுக்குப் புதுத் தரவைக் கொடுக்கும் சப்மிட்லிஸ்ட், பழையதோடு ஒப்பிடுவதைப் பின்னணியில் செய்வதால் இப்படித் திருப்பிக் கொடுப்பதை, அது முடிந்ததும் ஓடும் கமிட் கால்பேக்குக்குள் வைப்பதே பத்திரம்.

இதய ஐகானைத் தொட்டால் அட்டை முழுக்க ஒருமுறை மினுக்கியதே, அதற்கு மருந்து பேலோட், அதாவது என்ன மாறியது என்று சொல்லும் குறிப்பு. பழைய, புதுப் பட்டியல்களை ஒப்பிடும் டிஃப்யூட்டிலின் கெட்சேஞ்ச்பேலோட் நல் அல்லாத எதையாவது திருப்பினால் டீஃபால்ட் அனிமேட்டர் அதே வியூஹோல்டரை (வியூவைத் தாங்கும் பொருளை) வைத்துக்கொள்கிறது, ஐகான் மட்டும் மாறுகிறது. அனிமேஷனையே அணைத்துவிடு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சேர்ப்பதும் நீக்குவதும் அழகாக நகர்வது அதோடு போய்விடும். பேலோட் வந்தே தீரும் என்று மட்டும் நம்ப வேண்டாம், வியூ திரையில் இல்லாவிட்டால் அது கைவிடப்படும். பேலோட் பட்டியல் காலியாக வந்தால் முழு பைண்ட்.

அடுத்து இதே திரையை ஜெட்பேக் கம்போஸின் பட்டியலான லேஸிகாலம் (LazyColumn) கொண்டு, கீ, கன்டென்ட்டைப் இரண்டும் கொடுத்து எழுதிப் பார்க்கிறேன்.