கோழியும் பின்சீட்டும்

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அமெரிக்கக் கோழிக்கும் துருக்கி வேனுக்கும் அப்படி ஒரு முடிச்சு உண்டு.

1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுச்சந்தை அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றியது. பதிலுக்கு அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசு வெளிநாட்டுச் சின்ன சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீதம் போட்டது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, வரி ஓயவில்லை.

பயணிகள் வண்டிக்கோ அப்போது வெறும் 2.5 சதவீதம்தான். சும்மா இருப்பார்களா? ஃபோர்டு 2009 முதல் துருக்கியில் தயாரித்த டிரான்சிட் கனெக்ட் வேன்களில் மலிவான பின்சீட், பெல்ட், பக்கவாட்டுக் கண்ணாடி எல்லாம் மாட்டிக் கப்பலேற்றியது. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் சுங்கம் தாண்டியதும் சீட்டைக் கழற்றினார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் தகடு அடித்தார்கள். சரக்கு வேன் ரெடி! அந்தச் சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து போனதில்லை.

சுங்கத் துறைக்கும் ஃபோர்டுக்கும் நடந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்ற வாசல்வரை போய்த் திரும்பியது. கடைசியில் 2024இல் 36.5 கோடி டாலர் கட்ட ஃபோர்டு சம்மதித்தது.

எனக்கென்னவோ துருக்கியில் தினமும் அந்தச் சீட்டுக்குத் திருகாணி முடுக்கியவர் நினைப்புதான் வருகிறது. எதற்கு முடுக்குகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?